ஒரே தொடுதலில் முப்பத்தெட்டு

1989-90 பருவத்தில் ஸ்பானிய லீகில் ரியல் மாட்ரிட் அணிக்காக ஹியூகோ சான்செஸ் 38 கோல் அடித்தார். அந்த 38 கோல்களும் ஒரே தொடுதலில் விழுந்தவை. பந்தை நிறுத்தி, காலுக்கு வாகாகத் தள்ளி, பிறகு அடித்த கோல் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் இயல்பிலேயே ஒரே தொடுதல்தானே என்று கேட்பீர்கள். அவற்றைக் கழித்துவிட்டே பாருங்கள். ஓடும் ஆட்டத்தில், பக்கத்தில் ஒருவர் இடித்துக்கொண்டிருக்க, தலையாலும் இரண்டு காலாலும் காற்றில் கிடந்தபடியும் ஒரே தொடுதலில் அடித்தவைதான் மீதம் எல்லாம். ஒரு பருவம் முழுக்க ஒரு மனிதன் இரண்டாவது தொடுதல் தேவைப்படாமலே வாழ்ந்திருக்கிறான். கால்பந்தில் நான் அறிந்த சாதனைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் மாலையில் பள்ளிப் பையன்களுக்குப் பந்து பழக்குகிறேன். மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் அவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கோல் அடிக்கும் ஆசையோடு முன்களத்தில் நிற்க வருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதலில் நான் போட்டுக் காட்டுவது இந்த மெக்சிகோக்காரரின் பழைய ஒளிப்பதிவுகளைத்தான். படம் மங்கலாக இருக்கும். அரைக்கால் சட்டை இன்றைய கண்ணுக்கு மிகவும் குட்டையாக இருக்கும். அதெல்லாம் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும்.

"அவர் கோலுக்கு முன்னால் போய் நின்றார், பந்து வந்து பட்டது, உள்ளே போனது." சான்செஸைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். மீச்செல் வலப்பக்கத்திலிருந்து அவ்வளவு அருமையாக கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) போடுவார், புத்ராகென்யோ தடுப்பாட்டக்காரர்களை இழுத்துக்கொண்டு போவார், அப்படிப்பட்ட அணியில் யாரை நிறுத்தினாலும் கோல் அடிப்பார்கள் என்பது அவர்கள் வாதம். மீச்செலின் கிராஸ் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியில் முன்களத்தில் வேறு நல்ல வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் யாரும் ஒரு பருவத்தில் முப்பத்தெட்டு அடிக்கவில்லை.

அவருடைய வேலை பந்து வருவதற்கு முந்தைய நான்கைந்து நொடிகளில் முடிந்துவிடுகிறது. கிராஸ் வரப்போகும் வேளையில் அவரை மட்டும் பாருங்கள். முதலில் தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் நழுவுவார். பந்தையும் ஆளையும் ஒருசேரப் பார்க்க முடியாத இடம் அது. பார்க்க வேண்டுமென்றால் காவலர் கழுத்தைத் திருப்ப வேண்டும். அவர் திரும்பும் நேரத்தில் சான்செஸ் பின்பக்கக் கம்பத்தை நோக்கி இரண்டு எட்டு வைப்பார், காவலரும் கூடவே போவார். கிராஸ் போடுகிறவரின் கால் பின்னுக்குப் போகும் அதே கணத்தில் இவர் உடலைத் திருப்பி முன்பக்கக் கம்பத்துக்குப் பாய்ந்திருப்பார். காவலருக்கு ஓர் எட்டு தாமதம். அந்த ஓர் எட்டு போதும். அவர் உயரம் சுமார் 175 சென்டிமீட்டர்தான். ஆறடிக்கும் மேற்பட்ட தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் தலையால் முட்டி அவர் அடித்த கோல்களுக்கெல்லாம் காரணம் இந்த ஓர் எட்டுதான்.

பந்து வந்து சேரும்போது இடுப்பு ஏற்கெனவே கோலை நோக்கிப் பாதி திறந்திருக்கும். கோல்கீப்பரைத் தலை தூக்கிப் பார்க்க மாட்டார், முன்பே பார்த்துவிட்டிருப்பார். கோல்கீப்பரின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். கிராஸ் வருகிற திசைக்கு ஏற்ப அவர் கோலுக்குக் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்கிறார். கால்களை ஊன்றி நிலைகொள்ள அவருக்கு ஒரு கணம் வேண்டும். பந்தை நிறுத்தி அடிக்கிறவன் அந்தக் கணத்தைத் தானே அவருக்குத் தானம் செய்கிறான். சான்செஸ் அதைக் கொடுத்ததே இல்லை.

"சார், பந்து வந்த பிறகுதானே எங்கே அடிப்பது என்று தெரியும்?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோல்களை மறுபடி பார் என்றேன். பார்த்துவிட்டு, "அவருக்கு முன்னாலேயே தெரிகிறது சார்" என்றான். எப்படித் தெரிகிறது என்பதை வார்த்தையால் சொல்லிக்கொடுக்க முடியாது. தினமும் கிராஸ் போட்டுப் போட்டு, இரண்டாவது தொடுதலில் விழும் கோலைக் கணக்கில் சேர்க்காமல் ஆடவிட்டுத்தான் பழக்க முடியும். எங்கள் மைதானத்தில் அதுதான் விதி.

அவர் பிறந்தது 1958 ஜூலை 11, மெக்சிகோ நகரம். தந்தையும் கால்பந்து வீரர். அக்கா ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மெக்சிகோவுக்காகக் கலந்துகொண்டவர். அதே ஒலிம்பிக்கில் கால்பந்து அணியில் பதினெட்டு வயதுத் தம்பியும் இருந்தார். கோல் அடித்ததும் அவர் போடும் குட்டிக்கரணம் அந்த அக்காவுக்குச் செய்த மரியாதை. ஸ்பெயினில் பலர் அதைத் திமிர் என்றார்கள். தம்பி அக்காவை நினைத்துக்கொள்வதில் என்ன திமிர் இருக்கிறது?

அவரை வளர்த்தது பூமாஸ். மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் அணி அது. 1968 ஒலிம்பிக் நடந்த பல்கலைக்கழக மைதானம்தான் அதன் வீடு. பூமாஸில் ஆடிக்கொண்டே அதே பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துப் பட்டமும் பெற்றார். காலையில் வகுப்பு, பிறகு பயிற்சி என்று ஓடிய இளைஞரைக் கற்பனை செய்து பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. பந்து ஆடினால் படிப்பு போய்விடும் என்று பயந்து பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாத பெற்றோரிடம் இந்தச் செய்தியை நான் தவறாமல் சொல்வேன்.

பூமாஸில் அவருக்கு அருகே ஆடியவர் பிரேசில் நாட்டுக் கோல்வேட்டைக்காரர் கபீன்யோ. பிற்பாடு பயிற்சியாளராக வந்தவர் செர்பியரான போரா மிலுட்டினோவிச். 1977-இல் பூமாஸ் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது, 1981-இல் இரண்டாம் முறை. இரண்டிலும் சான்செஸ் இருந்தார். இடையில் இரண்டு கோடைகளில் அமெரிக்காவின் சான் டியேகோ அணிக்கும் போய் ஆடிவிட்டு வந்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

1981-இல் அட்லெட்டிகோ மாட்ரிட். ஐரோப்பாவில் மெக்சிகோ வீரரை மதிக்கும் வழக்கமே அப்போது இல்லை. முதல் பருவம் சோதனையாகத்தான் இருந்தது. எதிரணி மைதானங்களில் அவரைப் பார்த்து "இந்தியோ, இந்தியோ" என்று கூட்டமாகக் கத்தினார்கள். மெக்சிகோவின் பூர்வகுடி மக்களைக் குறிக்கும் சொல்லை வசவாக்கிக் கத்துகிறார்கள். இன்றானால் நடுவர் ஆட்டத்தையே நிறுத்துவார். அன்று கேட்க நாதியில்லை. அவர் கோல் அடித்து, அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே குட்டிக்கரணம் போட்டார். அதற்காகவும் அவரைத் திட்டினார்கள்.

1984-85-இல் 19 கோல் அடித்து லீகின் முதல் கோல்வீரர் ஆனார். அந்தப் பட்டத்தை ஸ்பெயினில் பிச்சிச்சி என்பார்கள். அட்லெட்டிகோ லீகில் இரண்டாம் இடம். 1985 ஜூன் 30 அன்று ஸ்பானிய மன்னர் கோப்பை இறுதி ஆட்டத்தில் அத்லெட்டிக் பில்பாவோவை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் சான்செஸ் அடித்தவை. ஆட்டம் நடந்த இடம் எதிரி வீடான ரியல் மாட்ரிடின் பெர்னபேயு மைதானம். அடுத்த சில வாரங்களில் அதே மைதானம் அவருக்குச் சொந்த வீடாயிற்று.

அங்கே உள்ளூரில் வளர்ந்த ஐந்து இளைஞர்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள்: புத்ராகென்யோ, மீச்செல், சான்ச்சீஸ், மார்ட்டின் வாஸ்கெஸ், பார்டேசா. ஊரே அவர்களைக் கொஞ்சியது. சான்செஸுக்கு அவர்களைவிடச் சில வயது கூடுதல், வெளிநாட்டவர், அதிலும் பக்கத்து எதிரியிடமிருந்து வந்தவர். கொஞ்சுவதற்கு யாரும் இல்லை. 1986 முதல் 1990 வரை மாட்ரிட் தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. அந்த ஐந்து பருவங்களில் நான்கில் பிச்சிச்சி அவருக்கே: 22, 34, 29, 38. அட்லெட்டிகோவில் வென்றதையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து.

அவருடைய முதல் மாட்ரிட் பருவத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1986 ஏப்ரல், யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதி. மிலான் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் இன்டர் 3-1 என்று ஜெயித்திருந்தது. இரண்டாம் ஆட்டம் ஏப்ரல் 16, பெர்னபேயுவில். முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி, சான்செஸ் அடித்தார், கோல். இரண்டாம் பாதியில் கோர்டியோ ஒன்று. பிறகு மறுபடியும் பெனால்டி, மறுபடியும் சான்செஸ், மறுபடியும் கோல். இடையில் இன்டரும் ஒன்று போட்டிருந்ததால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 4-4 ஆகி, கூடுதல் நேரம் போனது. அதில் சான்டில்யானா இரண்டு கோல் அடிக்க, 5-1. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியின் கொலோன் அணியைச் சொந்த மைதானத்தில் 5-1 என்று நொறுக்கினார்கள். 0-1 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் முதல் பதிலடி சான்செஸுடையது. கோப்பை மாட்ரிடுக்கு.

இன்டருக்கு எதிரான இரண்டு பெனால்டிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே கால் மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானத்தில் ஒரு பெனால்டிக்குத் தயாராகி நின்றது.

1986 உலகக் கோப்பை வந்தபோது நான் கல்லூரி மாணவன். மெக்சிகோவில் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை. பெரம்பூரில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். அந்த வீட்டு மாமா ரயில்வேயில் இருந்தவர், இளமையில் பந்து ஆடியவர். மரடோனா மரடோனா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, "தம்பி, அந்த மெக்சிகோ ஒன்பதாம் நம்பரைப் பார், பந்து இல்லாதபோது பார்" என்று சொன்னது அவர்தான். பார்த்தேன். அன்றிலிருந்து நான் முன்கள வீரர்களைப் பார்க்கும் முறையே அதுதான்.

பெல்ஜியத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கிரார்ட்டே ஒன்று, சான்செஸ் ஒன்று, 2-1 வெற்றி. ஜூன் 7 அன்று பராகுவே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அஸ்டெக்காவில். மூன்றாவது நிமிடத்திலேயே லூயிஸ் ஃப்ளோரெஸ் கோல் அடித்தார். ஆட்டம் முடியப்போகும் வேளையில் பராகுவேயின் ரொமேரோ சமன் செய்தார். அதற்குப் பிறகும் மெக்சிகோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் சான்செஸ். கோல்கீப்பர் ராபர்டோ ஃபெர்னாண்டெஸ் பாய்ந்து தடுத்துவிட்டார். 1-1.

கூடத்தில் யாரும் பேசவில்லை. மாமா மட்டும், "அடுத்த பெனால்டிக்கும் இவனைத்தான் அனுப்ப வேண்டும்" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. இத்தனை ஆண்டுகள் பையன்களோடு நின்ற பிறகு நன்றாகவே புரிகிறது. தவறவிட்ட பையனையே அடுத்த நாளும் பெனால்டிக்கு அனுப்புகிறேன், வேறு யாரையும் அனுப்புவதில்லை.

அந்தப் பெனால்டியால் மெக்சிகோவுக்கு நஷ்டம் ஏதும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். குழுவில் முதலிடம் மெக்சிகோவுக்குத்தான். இரண்டு மஞ்சள் அட்டையால் ஈராக் ஆட்டத்தில் சான்செஸ் இல்லை, அதையும் 1-0 என்று ஜெயித்தார்கள். பல்கேரியாவுக்கு எதிராக நெக்ரேட்டே காற்றில் கிடந்து அடித்த கோல் உலகமே அறிந்தது. மான்டெர்ரே நகரில் நடந்த காலிறுதியில் மேற்கு ஜெர்மனியுடன் 0-0, பெனால்டியில் 1-4. மெக்சிகோவுக்காகப் பெனால்டி அடித்த மூவரில் சான்செஸ் இல்லை. இருந்தும், மெக்சிகோவில் 1986 என்றதும் பலர் முதலில் எடுப்பது அந்தப் பராகுவே பெனால்டியை. நாட்டுக்காக 58 ஆட்டங்களில் 29 கோல் அடித்தவரை ஒரு பெனால்டியால் நிறுத்துப் பார்ப்பது அநியாயம்.

இனி சந்தோஷமான ஒன்றுக்கு வருகிறேன். 1988 ஏப்ரல் 10, பெர்னபேயு, எதிரணி லொக்ரோன்யெஸ். இடப்பக்கத்திலிருந்து மார்ட்டின் வாஸ்கெஸ் கிராஸ் போடுகிறார். பந்து சான்செஸுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. சாதாரண முன்கள வீரர் இங்கே பந்தை மார்பில் வாங்கி நிறுத்துவார், அல்லது விட்டுவிடுவார். இவர் முதுகைக் கோலுக்குக் காட்டி, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, உடல் முழுவதும் படுக்கையாகக் காற்றில் கிடக்க, தலைக்கு மேலே உதைத்தார். பந்து கோலின் மேல் மூலைக்குள் போயிற்று. கோல்கீப்பரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பைசிக்கிள் கிக் பலரும் அடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பந்து காலில் படுவதே அதிர்ஷ்டம், எங்கே போகிறது என்பது பிறகு. இது குறிபார்த்து, முழு வேகத்தில் அடித்தது. இப்படி ஒரு கோல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஷாம்பெயின் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் லியோ பேன்ஹாக்கர் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். ஸ்பெயினில் அந்தக் கோலின் பெயரே "திருவாளர் கோல்" என்ற பொருளில்தான் வழங்குகிறது. மெக்சிகோவில் அந்த உதைக்கே ஹியூகோவின் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆனால் பையன்களுக்கு நான் அதை முதலில் காட்டுவதில்லை. காட்டினால் மறுநாளே எல்லோரும் மல்லாந்து விழுந்து முதுகைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். முன்பக்கக் கம்பத்துக்கு ஓடித் தட்டிவிடும் எளிய கோல்கள்தான் அவர்களுக்கு முதலில் வேண்டும்.

இன்று சாம்பியன்ஸ் லீக் எனப்படும் ஐரோப்பியக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை. மாட்ரிட் தொடர்ந்து மூன்று முறை அரையிறுதியில் தோற்றது: 1987-இல் பாயர்ன், 1988-இல் பிஎஸ்வி, 1989-இல் மிலான். மிலானுடன் பெர்னபேயுவில் சான்செஸ் அடித்த கோலால் முன்னிலை, பிறகு வான் பாஸ்டனின் தலைக்கோலால் 1-1. மிலானில் 0-5. அந்த மிலான் அணி வேறு யுகத்து ஆட்டம் ஆடியது, அதற்கு யாரையும் குறைசொல்ல மனம் வரவில்லை.

குறைசொல்ல வேண்டியது வேறொன்று. 1988-இல் இளையோர் போட்டிக்கு வயது மீறிய வீரர்களைப் பொய்க் கணக்குக் காட்டி அனுப்பினார்கள் மெக்சிகோ கால்பந்து நிர்வாகிகள். அது அம்பலமாகி, எல்லா மெக்சிகோ தேசிய அணிகளுக்கும் ஃபிஃபா இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. 1990 உலகக் கோப்பை மெக்சிகோவுக்கு இல்லாமல் போனது. 1990 எப்படிப்பட்ட ஆண்டு என்று பாருங்கள். மாட்ரிட் அந்த லீக் பருவத்தில் 107 கோல் அடித்தது, அதில் 38 இவருடையவை. 1950-51-இல் அத்லெட்டிக் பில்பாவோவின் சார்ரா வைத்த ஒரு பருவக் கோல் சாதனையைச் சமன் செய்தார். ஐரோப்பிய லீகுகளின் முதல் கோல்வீரருக்குத் தரும் தங்கக் காலணியை பல்கேரியாவின் ஸ்டொய்ச்கோவுடன் பகிர்ந்துகொண்டார், அவருக்கும் 38. வாழ்க்கையின் உச்சியில் நின்ற அந்த மனிதர் இத்தாலி உலகக் கோப்பையை டிவியில்தான் பார்க்க முடிந்தது. ரோமில் இறுதி ஆட்டம் நடந்து மூன்றாம் நாள் அவருக்கு முப்பத்திரண்டு வயது நிரம்பியது. நிர்வாகிகள் செய்த மோசடிக்கு விலை கொடுத்தது அதில் சம்பந்தமே இல்லாத வீரர்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளிப் போட்டிகளில் வயதுச் சான்றிதழைத் திருத்தி ஆள் இறக்குகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

1990-க்குப் பிறகு முழங்கால் தொல்லை தொடங்கியது. 1992-இல் மாட்ரிடை விட்டு மெக்சிகோவின் "கிளப் அமெரிக்கா" அணிக்குப் போனார். பிறகு மறுபடி ஸ்பெயின், ராயோ வாயெகானோ. 1993-94-இல், கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய அந்தச் சிறிய அணிக்காக, முப்பத்தைந்து வயதில் 16 லீக் கோல் அடித்தார். ஸ்பானிய லீகில் அவருடைய மொத்தக் கணக்கு 234. அவர் விட்டுப்போனபோது அவருக்கு மேலே இருந்தவர் சார்ரா ஒருவர்தான்.

அந்த 16 கோல்களை அடித்த கையோடு 1994 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போனார். நார்வேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடினார், மெக்சிகோ 0-1 என்று தோற்றது. அதன்பின் பயிற்சியாளர் மிகேல் மெஹியா பரோன் அவரைக் களத்தில் இறக்கவே இல்லை. அயர்லாந்தை வென்று, இத்தாலியுடன் சமன் செய்து, குழுவில் முதலிடம் பெற்றார்கள், ஆகவே அதுவரை கேள்வி கேட்க முடியாது. ஜூலை 5, நியூயார்க்கை ஒட்டிய ஜயன்ட்ஸ் மைதானம், பல்கேரியா. முதல் கோல் ஸ்டொய்ச்கோவ், நான்கு ஆண்டுக்கு முன் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்ட அதே ஆள். கார்சியா ஆஸ்பே பெனால்டியில் சமன் செய்தார். இரண்டு அணியிலும் ஒருவர் சிவப்பு அட்டையில் வெளியேற, பத்துக்குப் பத்து. கொளுத்தும் வெயில். கூடுதல் நேரம். வீரர்களின் கால்கள் தள்ளாடுகின்றன, களத்தில் இடமோ நிறைய இருக்கிறது. பெஞ்சில் ஹியூகோ சான்செஸ் உட்கார்ந்திருக்கிறார். மெஹியா பரோன் ஒரு மாற்று வீரரைக்கூட இறக்கவில்லை. நூற்றிருபது நிமிடத்தில் ஒருவரைக்கூட.

பெனால்டிக்குப் போனது. முதல் உதையை மெக்சிகோவின் கார்சியா ஆஸ்பே தவறவிட்டார். அடுத்து வந்த பல்கேரியாவின் பலக்கோவின் உதையை மெக்சிகோ கோல்கீப்பர் கம்போஸ் தடுத்துவிட்டார். கணக்கு மறுபடி சமமாயிற்று. ஆனால் மெக்சிகோவின் முதல் மூன்று பெனால்டிகளும் வீண். 1-3.

மெஹியா பரோனை ஆதரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. முப்பத்தாறு வயதை எட்டப்போகும் ஒருவரை அந்த வெயிலில் இறக்கி என்ன பயன், அணியின் ஒழுங்கு குலையும் என்பார்கள். பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. அந்த நேரத்தில் ஓட்டம் வேண்டியதில்லை. களைத்த காவலர் கழுத்தைத் திருப்பத் தாமதிக்கும்போது ஓர் எட்டு முந்திக்கொள்கிற ஆள் வேண்டும். அந்த வேலையை உலகத்திலேயே நன்றாகச் செய்தவர் பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கிராஸ் போதும், ஒரே ஒரு தொடுதல். அது நடந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நடக்க விட்டிருக்க வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அதன்பின் அட்லான்ட்டே, ஆஸ்திரியாவின் லின்ஸ், அமெரிக்காவில் டல்லாஸ் என்று சில ஊர்கள். கடைசியாக 1997-இல் மெக்சிகோவின் செலாயா அணி. அங்கே புத்ராகென்யோவும் மீச்செலும் முன்பே வந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பெர்னபேயுவின் மூவரும் ஒரு சிறு நகரத்து அணியில் மீண்டும் ஒன்றாக நின்றார்கள்.

பயிற்சியாளராக அவர் வாழ்க்கையில் 2004 பொன்னான ஆண்டு. மெக்சிகோவில் ஓர் ஆண்டுக்கு இரண்டு லீக் பட்டங்கள். இரண்டையும் தொடர்ந்து பூமாஸ் வென்றது. குறுகிய பருவ முறை வந்த பிறகு அப்படி அடுத்தடுத்து வென்ற முதல் அணி அதுதான். அந்த ஆகஸ்ட் மாதம் பெர்னபேயு கோப்பை ஆட்டத்துக்காக மாட்ரிடுக்கும் அழைத்துப்போய், ஜிடானும் பிரேசிலின் ரொனால்டோவும் இருந்த காலத்து ரியல் மாட்ரிடை அதன் வீட்டிலேயே 1-0 என்று வீழ்த்தினார்.

2006 இறுதியில் தேசிய அணிப் பொறுப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டு கோப்பா அமெரிக்காவில் பிரேசிலை 2-0 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றார்கள். 2008 மார்ச்சில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று, கலிபோர்னியாவின் கார்சன் நகரில், இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டோர் அணி. கனடாவுடன் 1-1. குவாத்தமாலாவிடம் 1-2 தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஹைட்டியை ஐந்து கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற நிலை. பையன்கள் கோலுக்கு முன்னால் வாய்ப்புக்கு மேல் வாய்ப்பு உண்டாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வீணடித்தார்கள். முடிவு 5-1. ஒரு கோல் குறைந்தது. மாத முடிவுக்குள் சான்செஸைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். முந்தைய கோடையில் பிரேசிலைத் தோற்கடித்த பயிற்சியாளருக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். அவருக்குப் பின் வந்த ஸ்வென் எரிக்சன் ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை.